அப்ப நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

ஸ்கந்தபுரம் வாசிகசாலைக்குப் பின்னேரங்களில் பெண்கள் வந்து இருப்பதில்லை. அப்படி ஒரு சட்டம் கிடையாது, பழக்கம் அது. கச்சேரி அக்கா அந்தப் பழக்கத்தை உடைக்க என்று வரவில்லை. அன்றைய பத்திரிகையைப் பார்க்க வந்தார். அதை ஒருவர் மடித்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, நீங்கள் அதில இருந்து முடிஞ்ச பிறகு எனக்குத் தாங்கோ" என்று சொல்லிவிட்டு அக்கா எதிரில் இருந்த கதிரையில் அமர்ந்தார். அந்தத் தம்பி நான்தான்.

கச்சேரி என்றால் எங்கள் பக்கத்தில் பாட்டு அல்ல, அரசாங்க அதிபரின் அலுவலகம். அக்கா வவுனியாவில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது முல்லைத்தீவுக் கடற்கரையில், ஒரு வேதக்காரச் சம்மாட்டியின் வீட்டில். வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர்; சம்மாட்டி என்றால் வலையும் வள்ளமும் சொந்தமாக வைத்து ஆட்களைக் கொண்டு தொழில் செய்பவர். வாழ்க்கைப்பட்டது எங்கள் ஊரில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயல் செய்த ஒரு சைவக் குடும்பத்தில். கணவர் கடைசிச் சண்டையில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. எங்கள் வளவுக்கு அடுத்த வளவு அவருடையது. வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. என் மனைவி கறிவேப்பிலைக்கு அந்தப் பக்கம் போவார், அக்கா பால் வாங்க இந்தப் பக்கம் வருவார்.

மெலிந்த, உயரமான மனுசி. குரல் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல். கடற்கரையில் வளர்ந்ததால் அப்படி என்று அவரே சொல்லுவார். யாராவது ஒரு சிங்களக் கடிதத்தைக் கொண்டுபோய் நீட்டினால் முதலில் மூக்குக் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசிப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுத்தான் தமிழில் சொல்லத் தொடங்குவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "முகம் தெரிஞ்சால் சொல்லை மாத்த மனம் வரும், தம்பி" என்றார்.

அவர் வாசிகசாலைக்கு வரத் தொடங்கிய காலம் எங்களுக்கு நல்ல காலம் இல்லை. அதற்கு முந்திய காலபோகத்தில், மழைக்கால நெற்செய்கையில்தான் உரம் இல்லாமல் போனது. இனி யூரியா வேண்டாம் என்று கொழும்பில் ஒரு தலைவர் முடிவெடுத்தார். நாங்கள் விதைத்த பிறகுதான் அந்த முடிவின் முழுக் கனமும் எங்கள் தலையில் இறங்கியது. பயிர் முழங்காலுக்கு மேல் வளரவில்லை. கதிர் வந்தது, உள்ளே பால் பிடிக்கவில்லை. கையில் எடுத்து ஊதினால் பறந்தது. வெட்டு மெஷினை இறக்குவதில் அர்த்தம் இல்லை என்று கண்டு, நான் என் வயலில் மாடுகளை அவிழ்த்து விட்டேன். மாடுகள் சந்தோசமாக மேய்ந்தன. வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அன்றைக்கு வயல் பக்கமே வரவில்லை.

பிறகு நாட்டில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். எண்ணெய்க்கு வரிசை, காசுக்கு வரிசை, கடைசியில் அந்தத் தலைவரும் பதவியில் இல்லை. அவர் போன பிறகு ஒரு புதுக் கூட்டம் வாய் திறந்தது. அவருக்குச் செயலாளராக இருந்தவர்கள், ஆலோசகராக இருந்தவர்கள், அவருடைய மேசைக்கு எதிர்க் கதிரையில் இருந்து எழும்பி வந்தவர்கள். ஒவ்வொருவரும் கமராவுக்கு முன்னால் இருந்து அந்த மனுசனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னார்கள். எல்லாம் சிங்களத்தில். எங்களுக்கோ அந்தக் கதைகள் தேவையாக இருந்தன. எங்கள் நெல்லைத் தின்றவன் எப்படிப்பட்டவன் என்று அறிய வேண்டும்போல இருந்தது.

அப்படித்தான் கச்சேரி அக்கா எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனார். பின்னேரம் வேலை முடிந்து எல்லோரும் வந்து சேர, அக்கா போனைத் தண்ணீர்க் கூசாவில் சாய்த்து வைத்து வீடியோவைப் போடுவார். கொஞ்சம் ஓட விட்டு நிறுத்துவார். கண்ணாடியைக் கழற்றுவார். அவர் சொல்லும் முறை எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. 'அவர் சொல்கிறார்' என்று சேர்க்கவே மாட்டார். "நான் அவரிடம் நீண்ட அறிக்கை ஒன்றைக் கொண்டுபோனேன். அவர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார்" என்று நேரே தொடங்குவார். கச்சேரியில் அவர் பழகிய முறை அது. பேசுகிறவரின் வாயாகவே இருந்துவிடுவது. பிந்தி வருகிற யாராவது, அக்கா எப்போது தலைவரிடம் அறிக்கை கொண்டுபோனார் என்று திகைப்பார்கள்.

வீடியோ முடிந்ததும் நாங்கள் கொதிப்போம். ஒருவர் தலைவரை விசரன், பைத்தியம் என்பார், இன்னொருவர் பாடசாலைப் பிள்ளைக்கு இருக்கிற அறிவுகூட இல்லை என்பார். அக்கா அதில் சேர மாட்டார். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கியபடி தேத்தண்ணீரைக் குடித்து முடிப்பார். பிறகு இருண்டுபோன போன் திரையைப் பார்த்து, அந்த ஆள் அதற்குள் இன்னும் இருக்கிறார் என்பதுபோல, மரியாதையாகக் கேட்பார்.

"எல்லாம் சரி ஐயா. அப்ப நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

முதல் நாள் நாங்கள் சிரித்தோம். போகப் போகச் சிரிப்பு நின்றது. ஏனென்றால் எந்த வீடியோவிலும் அதற்குப் பதில் இல்லை. தலைவர் என்ன சொன்னார், எப்படி முறைத்தார், எந்த நேரத்தில் மணிக்கூட்டைப் பார்த்தார், எல்லாம் இருந்தது. சொன்னவர் அந்த நேரம் என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை.

அந்தக் கேள்வி அக்காவுக்கு வீடியோவுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. என் மைத்துனன் புளியங்குளத்தில் ஒரு அரிசி ஆலையில் வேலை செய்தவன். முதலாளியோடு ஒத்துவராமல் விட்டு விலகி வந்து எங்கள் வீட்டில் சில நாள் நின்றான். முதலாளிக்கு நெல்லைத் தெரியாது, ஈர நெல்லை வாங்கிக் குவிக்கிறார், ஆலை நட்டத்தில் போகுது என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் சொன்னான். பால் வாங்க வந்த அக்கா செம்பைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"ஈர நெல்லு வந்து இறங்கின அண்டைக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள், தம்பி?"

"சொல்ல வேணுமெண்டு நினைச்சனான் அக்கா."

"நீங்கள் நினைச்சது அவருக்கு எப்பிடிக் கேக்கும்?"

மைத்துனனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கா போன பிறகு, உந்த மனுசி முதலாளிமார் பக்கம் என்று திட்டினான். அது சரியில்லை. அக்கா இரண்டு பக்கத்தையும் ஒரே கேள்வியால்தான் அளப்பார். சொல்லவில்லை என்றால், அடுத்ததாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அந்த இரண்டாவது பதிலில்தான் முதலாளி எப்படிப்பட்டவர் என்று தெரியும் என்பது அவருடைய எண்ணம். அதைக் கேட்க மைத்துனன் இடம் கொடுக்கவில்லை.

இது எங்கே இருந்து வந்தது என்று ஒருநாள் அவரே சொன்னார். சின்ன வயதில் ஒரு சோளகக் காற்றுக் காலத்தில் அவருடைய அப்பா கரைவலை விட்டு, வலை முழுவதும் கடலடிப் பாறைப் பாரில் சிக்கிக் கிழிந்துபோனது. அந்தக் குடும்பம் எழும்ப நெடுநாள் எடுத்தது. பிறகு வேறு சம்மாட்டியிடம் போய்ச் சேர்ந்துவிட்ட இரண்டு பேர் கோயில் வாசலில் நின்று, "அண்டைக்கு வலை விடக்கூடாது எண்டு எங்களுக்கு முதலே தெரியும்" என்று கதைத்தது சின்னப் பிள்ளையான அக்காவின் காதில் விழுந்தது. நேரே போய், "அப்ப அப்பாட்டச் சொன்னனீங்களோ?" என்று கேட்டார்.

இருவரும் சிரித்தார்கள். அதில் ஒருவர் சொன்னார்: "உன்ர கொப்பருக்கு ஆர் பிள்ளை சொல்லுறது?"

"அதுக்குப் பிறகு எனக்கு அப்பாவைப் பற்றி வேற ஆரும் ஒண்டும் சொல்லத் தேவைப்படேல்லை" என்றார் அக்கா. அப்பாவில் அவருக்குக் கொள்ளை ஆசை. கதையைச் சொல்லிவிட்டு, அப்பா தோளில் தூக்கிக்கொண்டு பெருநாளுக்குப் போனதையும், மீன் முள்ளை எடுத்துவிட்டுச் சோறு தீத்தியதையும் நெடுநேரம் சொன்னார். இரண்டும் ஒரே மனுசனைப் பற்றியதுதான். அக்காவுக்கு அதில் முரண் எதுவும் தெரியவில்லை.

ஒருமுறை மட்டும் வாசிகசாலை அக்காவை வெறுத்தது.

எங்கள் கூட்டத்தில் தபால்கார அண்ணை என்று ஒருவர். ஓய்வு பெற்ற தபால்காரர், கடைசிச் சண்டையில் மகனை இழந்தவர். அன்றைக்கு ஒரு வீடியோ முடிந்து அக்கா வழக்கம்போலக் கேள்வியைக் கேட்டதும், தபால்கார அண்ணைக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாரையும் கேக்கிறாய் பிள்ளை. நீயும் பெரிய ஆக்களுக்குப் பக்கத்தில நிண்டனிதானே. நீ என்ன சொன்னனி?"

அக்கா கோபப்படவில்லை. கேட்கவேண்டிய கேள்வியை ஒருவர் கேட்டுவிட்டார் என்பதுபோல நிமிர்ந்து இருந்து சொன்னார். சண்டை முடிந்த பிறகு, செட்டிகுளத்துப் பக்கம் சனம் முகாமில் கிடந்த காலம். சண்டையை நடத்திய அப்போதைய நாட்டுத் தலைவர் பார்வையிட வந்தார். அக்காதான் மொழிபெயர்ப்பு. கணவர் போய்ச் சில மாதம்தான். தன் சொந்தச் சனத்துக்கும் அவருக்கும் நடுவில் நின்றார். தலைவர் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணிடம், வசதிகள் எப்படி என்று கேட்டார். அந்தப் பெண், "குடிக்கத் தண்ணி வருகுது ஐயா. பிள்ளையைக் கழுவத் தண்ணி இல்லை" என்றாள். அக்காவுக்குப் பின்னால் நின்ற ஒரு அதிகாரி, தண்ணீர் போதும், காணும் என்று சொல்லச்சொல்லி மெதுவாக முணுமுணுத்தார்.

"நான் கண்ணாடியைக் கழட்டினன். அவள் சொன்னதை அப்பிடியே சொன்னன்."

"அதுக்கு அவர்?" என்று நான் கேட்டேன்.

"கேட்டார். திருப்பியும் கேட்டார். எவ்வளவு தூரம் போறியள், ஆர் ஊத்தித் தாறது எண்டு அவளின்ர முகத்தைப் பாத்துக் கேட்டார். அதிகாரியைத் திரும்பிப் பாத்து ரெண்டு சொல்லுத்தான் சொன்னார். அடுத்த நாள் விடிய தண்ணிப் பவுசர் வந்து நிண்டது. என்னைப் பிறகு பெரிய ஆக்கள் வாற இடத்துக்குக் கூப்பிடேல்லை. அது அந்த அதிகாரியின்ர வேலை. தலைவரின்ர எண்டு நான் சொல்லமாட்டன்."

எங்கள் ஊரில் அந்தத் தலைவரைப் பற்றி இப்படி ஒரு வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. தபால்கார அண்ணை எழும்பிவிட்டார்.

"அப்ப அவர் நல்லவர் எண்டு சொல்லுறியோ? என்ர பிள்ளையை…"

"நல்லவர் எண்டு சொன்னனானோ அண்ணை? கேக்கத் தெரிஞ்சவர் எண்டுதான் சொன்னனான்." அக்காவின் பெரிய குரல் அப்போது சிறுத்திருந்தது. "உங்கட பிள்ளையும் என்ர மனுசனும் போனது கேக்கத் தெரியாத ஒராளால எண்டால், சரி, விசரன் எண்டு மனசை ஆத்தலாம். கேக்கத் தெரிஞ்ச ஆள் செய்தது எண்டால் அது இன்னும் பொல்லாதது. அதைத்தான் நான் இவ்வளவு நாளும் வைச்சுக்கொண்டு திரியிறன்."

தபால்கார அண்ணை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நெடுநாள் அக்கா இருக்கிற பக்கம் அவர் இருக்கவில்லை. வேறு சிலரும் வருவதைக் குறைத்தார்கள். எனக்கும் உள்ளே ஒரு கசப்பு இருந்தது. அக்கா பொய் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். ஒரு சின்னப் பொய். யாருக்கும் நட்டம் இல்லை. ஆனால் அக்கா அடுத்த நாளும் அதே நேரத்துக்கு வந்தார், அதே கதிரையில் இருந்தார், ஆள் குறைந்த வாசிகசாலையில் போனைக் கூசாவில் சாய்த்து வைத்தார்.

பிறகு தேர்தல் வந்தது. உரத்தை நிறுத்திய தலைவரின் ஆலோசகராக இருந்த ஒருவர், இப்போது வேறொரு வேட்பாளருக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். வீடியோக்களில் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த முகம். உள்ளே நடந்ததை அவரைப்போல் சுவையாகச் சொன்னவர் வேறு இல்லை. அவர் எங்கள் ஊருக்கும் வந்தார். ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளர் நான் என்பதால், சங்க மண்டபத்தில் கூட்டம் வைக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. மொழிபெயர்க்க அவர்கள் கொண்டுவருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. நான் வேலிப் பொட்டால் ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன்.

"நான் மேடையில நிண்டால் என்ர கதை ஒண்டும் கதைக்கமாட்டன்" என்றார் வழியில். "அங்க நான் வாய் மட்டும்தான்."

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சால் சரி" என்று என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. தபால்கார அண்ணைகூட வந்து பின்வரிசையில் நின்றார். ஆலோசகர் வெள்ளைச் சேர்ட்டும் களைத்த கண்களுமாக எழுந்து நன்றாகப் பேசினார். தலைவர் ஒரு பக்கத்துக்கு மேல் வாசிக்காததை, விவசாயத்தைப் பற்றி விவசாயிகளைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்டதை, கூட்டத்துக்கு வரும்போதே முடிவோடு வந்ததை எல்லாம் சொன்னார். அக்காவின் குரலில் அது இன்னும் கூர்மையாக வந்தது. சனம் கைதட்டியது. நானும் கைதட்டினேன். தட்டும்போதே பதர்க் கதிரை மாடுகள் மேய்ந்தது நினைவுக்கு வந்தது. கை தானாக நின்றுவிட்டது.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். நான் எழும்பினேன். அதுவரை கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்டுப் பழக்கம் இல்லை.

"ஐயா, நான் வயல்காரன். உரம் இல்லாமல் என்ர வயல் முழுக்கப் பதராப் போச்சுது. அந்த முடிவை எடுத்த கூட்டத்தில நீங்கள் இருந்தனீங்கள் எண்டு சொன்னனீங்கள். அப்ப நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடி கையில் இருந்தது. சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் என் கேள்வி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளமாகத்தான் அதுவும் இருந்தது. கடைசியில் மரியாதை குறையாமல் குரல் சற்று இறங்கிய விதத்தில், அது அவருடைய கேள்வி என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. முன்வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்கினார்.

ஆலோசகர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். அவரோடு வந்த கட்சிக்காரர் ஒருவர், நேரமாகிவிட்டது என்று கையால் காட்டினார். ஆலோசகர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, விட்டு விட்டுச் சொன்னார். அக்கா ஒவ்வொரு துண்டாகத் தமிழில் வைத்தார்.

"நான் ஒன்றும் சொல்லவில்லை."

"வேண்டாம் என்று சொன்ன ஒருவர் இருந்தார். பயிரைப் படித்தவர். அவர் சொல்லி முடிக்கும்வரை தலைவர் பேசாமல் இருந்தார். அடுத்த கூட்டத்தில் அவருக்குக் கதிரை இருக்கவில்லை."

"அதைப் பார்த்த பிறகு தலைவர் எங்களிடம் கேட்டார், வேறு யாருக்கும் மறுப்பு உண்டா என்று. நான் இல்லை என்றேன்."

"அந்த முடிவை நாட்டுக்கு அறிவித்த பேச்சை எழுதியது நான். நல்ல சொற்களாகத் தேடி எழுதினேன். அது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்."

'நான், நான்' என்று அக்காவின் வாயிலிருந்து அது வந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் இரைச்சல் கிளம்பியது. பின்னால் இருந்து தபால்கார அண்ணை கத்தினார்: "அப்ப எங்கட வயித்தில அடிச்சது நீயோ?" அவருடைய கண் ஆலோசகரில் இல்லை. அக்காவில் இருந்தது. சொன்ன வாய் அதுதானே.

அக்கா அதையும் மொழிபெயர்த்தார். ஒரு சொல் குறைக்காமல், அந்த 'நீ'யையும் சேர்த்து என்று பிறகு சொன்னார். ஆலோசகர் தலையை ஆட்டினார். "நானும்தான்" என்றார். அக்கா எங்களுக்கு, "நானும்தான்" என்றார்.

கூட்டம் அதோடு கலைந்தது. கட்சிக்காரருக்கு என்னில் சரியான கோபம். ஆலோசகர் வாகனத்தில் ஏறவில்லை. வெளியே வேப்பமரத்துக்குக் கீழே வந்து அக்காவின் பக்கத்தில் நின்றார். என் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பேரும் சிங்களத்தில் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். அக்காவைத் திட்டுவார் என்று பயந்து நான் பக்கத்திலேயே நின்றேன். போகும்போது அந்த மனுசன் அக்காவைக் கைகூப்பிக் கும்பிட்டார். என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

"என்னவாம் அக்கா?"

"சொன்னதைக் கொஞ்சம் மென்மையாக்கிச் சொல்லியிருக்கலாமே எண்டு கேட்டார். நான் சொன்னன், ஐயா, உங்கட வீடியோ ஒண்டு விடாமல் நான் பாத்தனான். பாதிதான் நம்பினனான். இண்டைக்கு முழுக்க நம்பிறன் எண்டு. ஏன் எண்டு கேட்டார்."

"ஏன்?"

"அந்த அறையில எல்லாரும் இருந்தினம், தம்பி. இவ்வளவு நாளும் இவர் சொன்ன கதையில இவர் மட்டும் அந்த அறையில இல்லை. இண்டைக்குத்தான் வந்து இருந்தார்."

எனக்கு ஆறவில்லை. அந்தத் தலைவரை முழுதாக வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று வந்தவன் நான். இப்போது வெறுப்பை எப்படிப் பங்கு போடுவது என்றே தெரியவில்லை. "அப்ப அந்தத் தலைவர் என்ன மாதிரியான ஆள்? விசரனோ, கெட்டவனோ? ஒண்டைச் சொல்லுங்கோவன்" என்றேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யோசித்தார். தன் சொந்த வார்த்தையைச் சொல்லும்போதுதான் அவர் கண்ணாடியோடு பேசுவார்.

"வேண்டாம் எண்டு சொன்ன ஒராளைக் கதிரையில இருந்து எழுப்பி விட்டார். அதுக்குப் பிறகும், மறுப்பு இருக்கோ எண்டு கேட்டார். அந்தக் கேள்விக்கு இனி உண்மை வராது எண்டு அவருக்கு விளங்கேல்லை. எல்லாரும் ஓம் எண்டினம், எல்லாரும் தன்னோட நிக்கினம் எண்டு மெய்யாவே நம்பியிருக்கிறார். பாவம், விசரன் இல்லை. கெட்டவர் எண்டும் எனக்குச் சொல்லத் தெரியேல்லை. நாட்டை ஆள ஏலாதவர். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ?"

"உங்கட வயலுக்கு அது காணாதோ, தம்பி?"

அடுத்த நாள் வாசிகசாலையில் தபால்கார அண்ணை அக்காவுக்கு எதிரே வந்து இருந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் கேட்கிற ஆளும் இல்லை. தன் பேரனுக்கு வந்த ஒரு சிங்களக் கடிதத்தை நீட்டி, "இதை ஒருக்கால் பார் பிள்ளை" என்றார். அக்கா வாங்கி வாசித்தார்.

ஆலோசகர் பிரசாரம் செய்த வேட்பாளர் தோற்றார். வேறொருவர் தலைவரானார். அந்த வருடமே அக்கா காணியை எங்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, முல்லைத்தீவுக் கடற்கரைக்குத் தன் தம்பியோடு இருக்கப் போனார். மூட்டு வலி, தனியாக இருக்க ஏலவில்லை. அவர் போன பிறகு வாசிகசாலையில் யாரும் சிங்கள வீடியோ போடவில்லை. போட்டாலும் விளங்காது என்பது ஒன்று. அக்கா இல்லாமல் கேட்டால் எல்லாவற்றையும் நம்பிவிடுவோமோ என்ற பயமும் எனக்கு இருந்தது.

அடுத்த கோடையில் சிறுபோக அறுவடை முடிந்து, புது அரிசி கொஞ்சம் கட்டிக்கொண்டு மனைவியும் நானும் மோட்டார் சைக்கிளில் அவரைப் பார்க்கப் போனோம். இன்னும் மெலிந்திருந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது. தம்பியின் பேரப்பிள்ளைகள் அவருடைய கதிரையைச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தன. அரிசியைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். "நல்லாப் பால் பிடிச்ச நெல்லு" என்றார். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

சாப்பிட்ட பிறகு முற்றத்தில் இருந்து ஊர்க்கதைகளெல்லாம் கதைத்தோம். புதுத் தலைவரைப் பற்றி ஊரில் இரண்டு கட்சியாகச் சண்டை பிடிக்கிறார்கள், சிலர் இவரைப்போல் ஒருவர் வந்ததில்லை என்கிறார்கள், சிலர் பழையதுதான் புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது என்கிறார்கள் என்று சொன்னேன்.

"நீங்கள் என்ன நினைக்கிறியள் அக்கா? இவர் எப்பிடி?"

"எனக்கு எப்பிடித் தம்பி தெரியும்?" என்று சிரித்தார். "இவரை விட்டு இன்னும் ஒருத்தரும் வெளியில வரேல்லையே."

மனைவிக்கு அது பிடித்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். எங்கள் சிரிப்பைப் பார்த்துப் பிள்ளைகளும் காரணம் தெரியாமல் சிரித்தன. வெயில் சாயத் தொடங்கியது. திரும்பி வர நெடுந்தூரம் இருந்தது. நாங்கள் எழும்பினோம். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அக்கா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் படலை வரை வந்தார்.

"அங்கத்தைப் பேப்பர் இஞ்ச ஒழுங்கா வாறேல்லை" என்றார். "ஆராவது விலகி வந்தால் எனக்கு ஒரு போன் அடியுங்கோ, என்ன?"

"அடிக்கிறன் அக்கா."

ஒருவரும் விலகி வரவில்லை. காலபோகத்துக்கு விதைத்து முடித்த கிழமை, நான் வரம்பில் நிற்கும்போது போன் வந்தது. அடித்தது அக்காவின் தம்பி. அடக்கம் எத்தனை மணிக்கு என்று சொன்னார்.